காலிப் பக்கத்துக் கையெழுத்து

ஊராட்சிச் செயலர் குமரேசன் சிரித்தாலே சிந்துஜாவுக்குச் சந்தேகம் வரும். இன்றைக்கு மனுஷன் காலையிலிருந்து சிரிக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவளுக்கும் அவள் அம்மா பச்சையம்மாளுக்கும் டீ வேறு வாங்கிக்கொடுத்தார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள்!

திருவண்ணாமலையில் கூட்டம். நாற்பது ஊர்த் திட்டங்களை ஒன்றாகக் கோத்து வட்டாரத் திட்டம் போடுகிறார்களாம். இவர்கள் ஊர்த் திட்டத்தை எழுதியது சிந்துஜாதான். வீட்டில் முதல் பட்டதாரி. வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதினாள். முதல் கோரிக்கையே, ஏரிக்கு மழைத்தண்ணி கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும் என்பது. அது அடைபட்டால் நெல்லும் இல்லை, மல்லாட்டைக் கடலையும் இல்லை.

சுவரில் பெரிய வரைபடம். மலை இருந்தது, கிரிவலப் பாதை இருந்தது, ரோடெல்லாம் இருந்தது. வரத்துக்கால் ஓட வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கட்டம்: பௌர்ணமி வாகன நிறுத்தம்.

"சார், இங்க எங்க கால்வா ஓடுதே. எங்க போச்சு?"

பொறியாளர் விமல்ராஜ் ஃபைலைப் புரட்டினார். "நீங்களே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா. 'வரத்துக்கால் பயன்பாட்டில் இல்லை, வாகன நிறுத்தத்துக்கு ஆட்சேபணை இல்லை.' கிராமசபைத் தீர்மானம். கீழ அறுபத்திமூணு கையெழுத்து."

"எல்லாம் கள்ளக் கையெழுத்து சார்!"

குமரேசன் சிரிப்பு குறையவில்லை. "நல்லா பாரும்மா."

பார்த்தாள். முதல் கையெழுத்து பச்சையம்மாளுடையது. கடைசி எழுத்து மேடேறிப் போகும் அதே கோணல். இனிமேல் யாரும் கைநாட்டு வைக்கக் கூடாது என்று நூறு நாள் வேலைக்குப் போகும் முப்பது பொம்பளைகளுக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தவளே சிந்துஜாதான்.

"நீயாம்மா போட்ட?"

"கிராமசபைக்கு வந்ததுக்குப் போட்டதுடி. புக்கு மேல காலியாத்தான் இருந்திச்சி. எப்பவும் போட்டுட்டுத்தானே உக்காருவோம்? இன்னாத்துக்கு என்னை மொறைக்கிற? மூணாவது பாரு."

மூன்றாவது சிந்துஜாவின் கையெழுத்து. பட்டம் வாங்கினவள் போட்டது. காதெல்லாம் எரிந்தது அவளுக்கு.

விமல்ராஜ் குரலைத் தணித்தார். "பத்து நாள்ல இது மேல போயிடும். அதுக்குள்ள திருத்தத் தீர்மானம் வந்தா கால்வாய ஏத்திடறேன். வரலைன்னா என் கையில இல்லம்மா."

மறுபடி கிராமசபையைக் கூட்டச் சொல்லி, ஊராட்சித் தலைவி சரோஜா வீட்டு வாசலில் முப்பது பொம்பளைகளும் போய் உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள் சிறப்புக் கிராமசபை கூடியது.

குமரேசன் புத்தகத்தை விரித்தார். மேலே வெள்ளை வெளேர். "மொதல்ல கையெழுத்து போட்டுடுங்க, வெயில் ஜாஸ்தியா இருக்கு. தீர்மானத்த நான் பொறுமையா எழுதிக்கறேன்."

முதல் ஆளாய் நின்ற பச்சையம்மாள் பேனாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "எழுதுங்க. படிங்க. அப்பறம் போடறோம்."

"பேனா குடுத்தாத்தானே எழுதுவேன்?"

"சட்டைப் பையில ஒண்ணு இருக்குதே, அது சாமி கும்பிடவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குமரேசன் எழுதினார். சிந்துஜா வாங்கி இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். கடைசி வரிக்குக் கீழே இன்னும் நாலு விரல் இடம் காலியாக இருந்தது. பச்சையம்மாள் குனிந்து, வரப்பு போட்ட மாதிரி அதில் குறுக்கே அழுத்திக் கோடு இழுத்தாள். பிறகுதான் கையெழுத்து.

"இன்னாம்மா, எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்ல" என்றாள் பச்சையம்மாள்.

சிந்துஜா பக்கத்தை போட்டோ எடுத்தாள். நகலைத் தபாலிலும் விடவில்லை, குமரேசனிடமும் விடவில்லை. மறுநாள் அவளே கொண்டுபோனாள். விமல்ராஜ் படித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் கட்டத்தை அடித்து, வரத்துக்காலை வரைந்தார். பென்சிலால்.

"சார்," என்றாள் சிந்துஜா, நகராமல். "பேனாவால போடுங்க."