கடலைப் பார்த்தபடி ஊற்றிய தேநீர்

டிசம்பர் பிறந்துவிட்டால் கம்ஷத்தின் சமையலறை ஜன்னலில் கடல் தினமும் வேறு முகம் காட்டும். ஒரு நாள் ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும். மறுநாள் கடுங்குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பி, யாரோ கடலையே அடுப்பில் ஏற்றிவிட்டார்களோ என்று தோன்றும். இன்னொரு நாள் கரையோரம் வட்ட வட்டமாகப் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மிதக்கும். கம்ஷத் அதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்குத் தோல் சீவுவாள், விரலையும் சேர்த்துச் சீவிக்கொள்வாள்.

அக்ஷகில் ஊரில் கடைசி வீடு அவளுடையது. மேட்டின் விளிம்பில், சிப்பிக்கல்லை அறுத்துக் கட்டியது. அவள் மருமகளாக வந்த புதிதில் காஸ்பியன் அலைகள் அந்த மேட்டின் அடியிலேயே வந்து மோதும். இருபது வருடங்களில் கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கிவிட்டது. இப்போது சேற்றையும் நாணலையும் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்தால்தான் தண்ணீர்.

கடல் தள்ளிப்போனதால்தான் பெர்திமுராத் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

அவர் கீழே இருக்கும் கடல் கண்காணிப்பு நிலையத்தின் ஒரே ஊழியர். குளிர்காலத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு, விரிகுடாவில் பத்தில் எத்தனை பங்கைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதி அனுப்பவேண்டும். அதை வைத்துத்தான் படகுகள் புறப்படும். ஆனால் நிலையத்து மாடியிலிருந்து இப்போது நாணல்தான் தெரிந்தது. மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ஷத்தின் வாசலில் வந்து நின்றார்.

"உங்க ஜன்னல தினம் ஒரு அஞ்சு நிமிஷம் இரவல் தருவீங்களா?"

அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக வளர்ந்துவிட்டது. அவருடைய மனைவி இறந்து ஒன்பது வருடம். கம்ஷத்தின் கணவர் போய் ஏழு. மகள் அல்மாட்டியில் படிக்கிறாள். கணவரின் அண்ணன் மனைவி ஜுமாசியா இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஏண்டி, பனிக்கட்டியைப் பாக்க ஒரு மணி நேரமா? ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுறாரா அந்த மனுஷன்?"

"டீ குடிக்கிறாரு அக்கா. குளிர்ல வர்றவருக்கு ஒரு வாய் டீ கொடுக்கக்கூடாதா?"

"ஒரு வாயா? நேத்து பதினோரு கிண்ணம். நான்தான் ஜன்னல்ல பாத்தேனே."

பதினோரு கிண்ணம் என்பது மரியாதை. கம்ஷத் ஒரு கிண்ணத்தில் நாலு மிடறுக்கு மேல் ஊற்றமாட்டாள். கொஞ்சமாக ஊற்றினால்தான் அவர் திரும்பத் திரும்ப நீட்டலாம், அவள் திரும்பத் திரும்ப ஊற்றலாம். விளிம்புவரை நிரப்பித் தருவது வாசலைக் காட்டுவதற்குச் சமம். 'குடி, கிளம்பு' என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூச்சப்படும் எத்தனையோ விஷயங்களை அக்ஷகில் பெண்கள் இப்படிக் கிண்ணத்தால்தான் சொல்லி வந்தார்கள்.

ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. விரிகுடா அநேகமாக முழுவதும் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. பெர்திமுராத் 'ஒன்பது பங்கு' என்று குறித்துக்கொண்டு, வழக்கம்போல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சூடாகப் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை ஒன்றை எடுத்தவர், தின்னாமல் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அத்திராவு நகரத்துல பெரிய நிலையத்துக்கு வேலைக்குக் கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

கம்ஷத் தேநீர் கொதிக்கும் சமோவாரின் குழாயைத் திறந்தாள்.

"உங்களக் கேக்காம பதில் சொல்ல எனக்கு மனசில்ல," என்றார். "நான் போகவா, இருக்கவா?"

மூன்று குளிர்காலமாக அவர் பேசியதில் இதுதான் பெரிய பேச்சு. அவளிடம் பதில் உள்ளே தயாராகத்தான் இருந்தது. ஆனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடல் உடைந்தது. விடியலிலிருந்து கிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பனியின்மேல் ஒரு கறுப்பு நூல் ஓடியது. நூல் கயிறாகி, கயிறு ஆறாகி, அந்த வெள்ளைப் பரப்பு மொத்தமும் சத்தமில்லாமல் மேற்கே நகர ஆரம்பித்தது. திறந்த நீரிலிருந்து புகை எழும்பியது. விளிம்பில் உட்கார்ந்திருந்த அன்னங்கள் கூட்டமாக எழுந்து பறந்தன. இத்தனை வருடத்தில் அது உடையும் கணத்தை அவள் பார்த்ததே இல்லை. கண் அங்கேயே நின்றுவிட்டது. கை மட்டும் தன்பாட்டுக்கு ஊற்றி, கிண்ணத்தை நீட்டியது.

பெர்திமுராத் இரண்டு கையாலும் வாங்கினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சூட்டோடு சூடாக முழுவதையும் குடித்துவிட்டு எழுந்தார்.

"புரிஞ்சுது. இத்தனை நாளுக்கும் நன்றி."

"பாருங்க, பனி உடைஞ்சு போகுது!" என்றாள் அவள், அவர் சொன்னது காதில் ஏறாமல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதிலை எப்படிச் சொல்வது என்று அன்று முழுவதும் கம்ஷத் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் பவுர்சாக் பொரித்து வைத்தாள். ஒன்பது மணி ஆனது, ஒன்பதே கால் ஆனது. ஜன்னல் வழியே பார்த்தால், கீழே நாணலுக்கு நடுவே ஒரு குச்சி மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. எம்பி எம்பிப் பார்க்கிறார். அங்கிருந்து என்ன தெரியும்?

ஜுமாசியா உள்ளே வந்தவள், மேஜை விரிப்பைப் பார்த்ததும் நின்றாள்.

"இது என்னடி கறை?"

"நேத்து டீ வழிஞ்சிருக்கும்."

"வழியற அளவுக்கு ஊத்தினியா? யாரு கிண்ணத்துல?"

கம்ஷத் விரிப்பைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேரே, வட்டமாக, கிண்ணத்தின் அடி அளவுக்குப் பழுப்புக் கறை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் கேட்டதிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

ஜுமாசியா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! அந்த மனுஷன் வாயத் திறந்து கேட்டிருக்காரு, நீ விளிம்பு முட்ட ஊத்திக் குடுத்திருக்கியே! செருப்ப எடுத்துக் குடுத்திருந்தாக்கூடத் தேவலை."

"நான் கடலைப் பாத்துட்டே ஊத்திட்டேன் அக்கா."

"கடலைக் கட்டிக்கிட்டு இரு இனிமே. விடு, நான் போயி சொல்றேன்."

"வேணாம். நீங்க போனா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

"ஊருக்குத் தெரியாத மாதிரி பேசாத. அவரு ஒருத்தருக்குத்தான் தெரியல."

"ஊத்தினது நான். நானே போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கால் எழவில்லை. மீன்கடையையும் அங்கே எப்போதும் உட்கார்ந்திருக்கும் நாலு பேரையும் தாண்டி, ஏழு வருடம் தனியாக இருந்தவள் ஒரு ஆண் தனியாக இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். புதன் போனது. மேற்குக் காற்று திரும்பி, உடைந்த துண்டுகளையெல்லாம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து குவித்தது. வியாழன் வெயில் அடித்தது. குவிந்த பனி நீலமும் பச்சையுமாகக் கண்ணைக் கூசவைத்தது. தினமும் ஒன்பது மணிக்கு அவள் ஜன்னலருகே நின்று, அவர் கணக்கிடும் விதத்திலேயே விரிகுடாவை மனசுக்குள் பத்தாகப் பிரித்து, எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தாள். ஏன் எழுதுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சேற்றில் நிற்கும் அந்த மனிதனுக்கு இது தெரியாதே என்ற தவிப்புதான்.

வெள்ளிக்கிழமை மூடுபனி. ஜன்னலில் கடலும் இல்லை, நாணலும் இல்லை, அவரும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. கம்ஷத் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு, எழுதிவைத்த காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நிலையத்தின் கதவைத் தட்டியபோது பெர்திமுராத் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"எட்டு மணிக்கே அத்திராவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றார். "வர்றேன்னு."

அவர் சொல்லாமலே அவள் உட்கார்ந்துகொண்டாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"திங்கக்கிழமை உங்க முதுகுக்குப் பின்னால பனி உடைஞ்சுது. நான் அதையே பாத்துட்டு இருந்தேன். கிண்ணம் நிறைஞ்சத நான் பாக்கல. அடுத்த நாள் விரிப்புல கறையப் பாத்துத்தான் தெரிஞ்சுது."

அவர் பெட்டியைத் தள்ளிவிட்டு அவள் எதிரே வந்து நின்றார்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான்," என்றாள். "போகாதீங்க. எனக்காக இங்கயே இருங்க."

பெர்திமுராத் தாடையைத் தடவிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தொலைபேசியைப் பார்த்தார். எடுத்து எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் அதிகாரி கத்தியது அவளுக்கே கேட்டது.

"காலைல வர்றேன்னீங்க, இப்ப வரலைங்கிறீங்க. என்னய்யா காரணம்?"

"காலைல மூடுபனிங்க ஐயா. ஒண்ணும் தெரியல."

"இப்ப விலகிடுச்சா?"

பெர்திமுராத் வெளியே எட்டிப் பார்த்தார். முன்வாசல் படிகூடத் தெரியவில்லை. "விலகிடுச்சுங்க," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

கம்ஷத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அதை மறைக்கத் தாள்களை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"வியாழன் எட்டா? மேற்குக் காத்து அடிச்சு எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டு வந்துச்சே. ஒன்பது இருந்திருக்கும்."

"எட்டு. தெற்கு முனைப் பக்கம் திறந்து கிடந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். நீங்க நாணலத்தான பாத்துட்டு இருந்தீங்க?"

அவர் பெரிய பதிவேட்டைத் திறந்தார். வியாழனுக்கு நேரே வெறுமையாகத்தான் இருந்தது. எட்டு என்று எழுதினார். பிறகு 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, பேனாவை அவளிடம் நீட்டினார்.