சுகிர்தாவின் எண்பத்தேழு

டைட்டஸின் வேகம் நிமிடத்துக்கு நூற்று எழுபத்து நான்கு அடி. ரேஷன் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அவன் மனைவி சுகிர்தாவுக்கு எண்பத்தேழு.

சரியாகப் பாதி. பெரம்பூர் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபோது, பெயர்களோடு வேகங்களையும் சேர்த்தே வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர். ஒருவரும் எழவில்லை. பாதி என்பதால் அவனுடைய ஒவ்வொரு இரண்டாவது அடியும் அவளுடைய அடியின் மேல் போய் விழுந்தது. விழும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். இது பல தம்பதிகளுக்கு வாய்ப்பதில்லை.

வீட்டின் முன்னறை அவன் வேகத்தில் ஓடியது. அங்கே மாட்டிய காலண்டர் அக்டோபரிலேயே தீர்ந்துபோகும். பின்னறை அவள் வேகத்தில் ஓடியது. அங்கே வைத்த மல்லிகைப்பூ நான்கு நாள் வாடாது. சமையலறை பொது. இருவரும் பேசிக்கொண்டது, சண்டை போட்டது, சிரித்தது எல்லாம் அங்கேதான்.

அவன் டிரம் அண்ட் பேஸ் இசைக்கலைஞன். அந்த இசையில் டிரம்ஸ் நூற்று எழுபத்து நான்கில் தலைதெறிக்க ஓடும். அடியில் பேஸ் என்ற தாழ்ந்த சுரம் பாதி வேகத்தில் அமைதியாக நடந்து வரும். டைட்டஸுக்கு டிரம்ஸ் பிரச்சினையே இல்லை, தூக்கத்தில்கூட அடிப்பான். பேஸ்தான் ஐந்து வருடமாகக் கைக்கு வரவில்லை. எதைப் போட்டாலும் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரியே கேட்டது.

சுகிர்தா அரிசி களையும்போது முனகுவாள். பாட்டெல்லாம் இல்லை. தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சுரம். ஒருநாள் அவன் குழாய்ப் பக்கத்தில் மைக்கை வைத்தான்.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மா."

அந்த முனகலைப் பேஸாக வைத்தான். பாட்டு அன்றைக்கே முடிந்துவிட்டது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பாட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கமாட்டார்கள். ஒரே ஒரு இசைத்தட்டில் வெட்டிக்கொண்டு, மூலப் பதிவை அழித்துவிடுவார்கள். வேறு எவனிடமும் இல்லை என்பதுதான் கெத்து. டைட்டஸ் தட்டு வெட்டும் உமர் பாயிடம் போனான். பாய் வெட்டி முடித்து, தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாஃப்ட் தட்டு தம்பி. ஒவ்வொரு தடவ ஊசி ஓடறப்பவும் தேயும்."

"தட்டுதானே பாய். தேயட்டும்."

"தட்டு தேயாது. உள்ள இருக்கறதுதான் தேயும்."

டைட்டஸ் சரி என்று தலையாட்டிவிட்டு, மூலத்தை அழித்தான்.

இந்தத் தட்டுகளைப் போடும் கூட்டங்களில் யாரும் கை தட்டமாட்டார்கள். ஒரு பாட்டு பிடித்துப்போனால் பக்கத்துச் சுவரை அறைவார்கள். அறைந்தால் தட்டைப் பின்னால் சுழற்றி முதலிலிருந்து போட வேண்டும். அது மரியாதை. போடாதவனை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். டைட்டஸ் அந்தத் தட்டை முதன்முதலாகப் போட்ட மத்தியானம், மண்டபத்தின் கிழக்குச் சுவர் முழுக்க விரிசல் விட்டது. மூன்று தடவை பின்னால் சுழற்றினான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டைப் பார்த்தான். சுகிர்தாவின் பெயருக்குப் பக்கத்தில் எண்பத்து மூன்று என்றிருந்தது.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கோயம்புத்தூர், கொச்சி, பெங்களூர். எல்லா ஊரிலும் சுவர்கள் இருந்தன. பத்திரிகையில் படம் வந்தது. அவனுக்கு ஏற்பாடுகள் செய்யும் முகில் இரண்டாவது செல்போன் வாங்கினான். கார்டில் எழுபத்தொன்பது, எழுபத்து மூன்று, அறுபத்தாறு, கடைசியில் அறுபத்தொன்று.

பாதி என்ற கணக்கு போனதும் சமையலறையும் போயிற்று. அவன் உள்ளே போனால் அவள் அப்போதுதான் போயிருப்பாள், அல்லது இன்னும் வந்திருக்கமாட்டாள். அடுப்பில் பாதி வெந்த சோறு இருக்கும். ஈரக் காலடி இருக்கும். எப்போதாவது நாலைந்து நாளைக்கு ஒருமுறை அடியின் மேல் அடி விழும். அப்போது ஒரு கணம் அவள் தெரிவாள். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஒரு கணத்துக்கு ஒரு வார்த்தைதான் அவனுக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை: "டைட்டஸ்."

வெள்ளிக்கிழமை: "அந்தப்."

அடுத்த புதன்: "பாட்ட."

அதற்கடுத்த செவ்வாய்: "நான்."

அதோடு நின்றுவிட்டது. பதினோரு நாள் அவன் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டை நான் வெறுக்கிறேன் என்று சொல்லப்போகிறாளா? நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாளா? நூற்று எழுபத்து நான்கில் யோசிப்பவனுக்கு ஒரு நிமிடத்துக்குள் நிறைய பதில்கள் தோன்றும். ஒன்றுகூட நல்ல பதிலாக இல்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் தட்டையும் சின்னப் பிளேயரையும் ரேஷன் கார்டையும் பையில் போட்டுக்கொண்டு வேகப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினான். அந்த அலுவலகத்தின் வராந்தா, நடப்பவன் வேகத்துக்கு ஏற்ப நீளும். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் நாலு எட்டில் ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். டைட்டஸ் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நடந்தான். வழியில் இரண்டு டீக்கடைகள் வந்தன.

ஜன்னலுக்குப் பின்னால் மங்கையர்க்கரசி என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஸ்பீடு?"

"நூத்தி எழுபத்து நாலு மேடம்."

"வீட்டுக்காரம்மா?"

"எண்பத்தேழு. இப்ப அறுபத்தொண்ணு."

"மீதி இருபத்தாற யார் எடுத்தது?"

"ஜனங்க, மேடம். அவ குரல் இருக்கற தட்ட நான் போடப்போட எடுத்துட்டாங்க."

"ஜனங்கன்னு ஃபார்ம்ல எடம் இல்ல. கணவர்னு இருக்கு. போடவா?"

டைட்டஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போடுங்க," என்றான்.

"ஏத்திக் குடுக்கற வழக்கம் இங்க இல்ல. எறக்கலாம். அதுவும் உங்களத்தான். அறுபத்தொண்ணுக்கு டபுள்னா நூத்தி இருபத்திரெண்டு. சரியா?"

நூற்று இருபத்திரண்டு. கல்யாண வீட்டு பேண்டு அதைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பாக வாசிக்கும். அந்த வேகத்தில் அவனால் டிரம்ஸின் முதல் வரியைக்கூட அடிக்க முடியாது. வீட்டுக்காரர், பால்காரர், முகில், நாலு ஊர் சுவர்கள், எல்லாரும் அவனை நூற்று எழுபத்து நான்காகத்தான் அறிவார்கள்.

"சரி," என்றான்.

"தேய்மானத்துக்கு ஆதாரம் வேணும். அந்தத் தட்டப் போடுங்க."

"போட்டா இன்னொண்ணு கொறையும் மேடம்."

"ஆதாரம் இல்லாம எப்படி சார் சீல் வைக்கறது?"

அவன் பிளேயரை ஜன்னல் பலகையில் வைத்துத் தட்டைப் போட்டான். மங்கையர்க்கரசி கண்ணை மூடிக் கேட்டார். சுகிர்தாவின் முனகல் வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இடது கையால் மேஜையை அறைந்தார். பின்னால் இருந்த மூன்று எழுத்தர்களும் பீரோவை அறைந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் தூணை அறைந்தார்கள்.

டைட்டஸ் வேண்டாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் அவன் கை தட்டைப் பின்னால் சுழற்றிவிட்டது. அத்தனை வருடப் பழக்கம்.

பாட்டு இரண்டாம் முறை முடிந்ததும் மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டைப் பார்த்தார்.

"இப்ப அம்பத்தொம்பது. இந்த ஃபார்ம் செல்லாது. நூத்திப் பதினெட்டுக்குப் புதுசா எழுதிக் குடுங்க. நல்ல பாட்டு சார்."

அவன் எழுதிக் கொடுத்தான். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. தன் கையை நினைத்து அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

அடுத்த ஜன்னலில் இருந்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்து நெஞ்சில் வைத்து இடப்பக்கமாக நாலு சுற்று சுற்றினார். வலிக்கவில்லை. சுவரில் இருந்த மின்விசிறிக்குத்தான் திடீரென்று ஏதோ அவசரம் வந்துவிட்டது.

திரும்பும்போது வராந்தா முப்பது எட்டில் முடிந்தது. வாசலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் நின்றபோது முகில் போன் செய்தான்.

"டைட்டஸ், எங்கடா இருக்க? நாலாயிரம் பேரு செவுத்து மேல கைய வெச்சுட்டு நிக்கறானுங்க. நாலரைக்கு நீதான்."

"நான் நூத்திப் பதினெட்டு ஆயிட்டேன்."

முகில் கத்தினான்.

"யாரக் கேட்டு ஆன?"

"யாரையும் கேக்கல."

"சரி, தட்டையாவது ஆட்டோல குடுத்தனுப்பு. வேற எவனாவது போடட்டும்."

டைட்டஸ் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"மாட்டேன்," என்றான்.

"அப்ப இனிமே எந்தச் செவுரும் உனக்கு இல்லடா," என்று சொல்லி முகில் போனை வைத்தான். பதினாறு வருடம் கட்டியது ஒரே பஸ் நிறுத்தத்தில் முடிந்தது. டைட்டஸுக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் உட்கார்ந்து அழுதான். நூற்றுப் பதினெட்டில் அழுதால் ரொம்ப நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது.

சமையலறையில் சுகிர்தா இருந்தாள். முழுசாக இருந்தாள். கை அரிசிப் பாத்திரத்துக்குள் இருந்தது. விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

"இன்னும் ஒரு தடவகூட கேக்கலயே."

அவன் அதைத் தலையிலிருந்து கோத்துப் பார்த்தான். டைட்டஸ், அந்தப் பாட்ட நான் இன்னும் ஒரு தடவகூட கேக்கலயே. கொச்சியில் கேட்டிருக்கிறார்கள், அரசாங்க அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள், பென்ஷன்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். இவளுக்கு அவன் போட்டுக் காட்டவே இல்லை.

"கேட்டா ஒண்ணு கொறையும் சுகி. அம்பத்தெட்டு ஆயிடும். மறுபடியும் நாம சேர முடியாம போயிடும்."

"கொறையறது என்னோடதுதான?"

"ஆமா."

"அப்பப் போடு."

அவன் பிளேயரை அடுப்புத் திண்டில் வைத்தான். ஊசியை இறக்கினான். டிரம்ஸ் ஆரம்பித்தது. முதன்முறையாக அவனால் அதைப் பிடிக்க முடியவில்லை. எங்கேயோ முன்னால் ஓடிப்போய்விட்டது. அடியில் அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. நிறையத் தேய்ந்திருந்தது. ஆனாலும் இருந்தது. பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும் அதில் இருந்ததை அவன் அதுவரை கவனித்ததே இல்லை.

சுகிர்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நானா அது?"

"நீதான்."

அவள் சிரித்தாள். பாத்திரத்திலிருந்து வலது கையை எடுத்தாள். விரலில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. கை மெதுவாக உயர்ந்து சமையலறைச் சுவரை நோக்கிப் போயிற்று.

டைட்டஸ் தட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அந்தக் கை போய்ச் சேரக் காத்திருந்தான்.