கொய்யாவுக்கு ஒரு பனியன்

சுப்பாத்தாள் இன்னொரு கொய்யாவையும் பிளந்து பார்த்துவிட்டுக் கத்தியைத் தட்டில் போட்டாள். வெளியே பார்த்தால் கீறல் இல்லை, கறை இல்லை. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. ஒன்று உடம்பை வளைத்துத் துள்ளி, எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் திருமூர்த்தியின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. அவர் அதை விரலால் சுண்டிவிட்டார்.

பேசி வைத்தது இதுதான். இந்தக் காய்ப்பும் புழுத்துப் போனால், பூண்டியில் தங்கள் பனியன் கம்பெனியை ஒட்டி அவள் வைத்து வளர்த்த கொய்யா மரங்களை எடுத்துவிட்டு அங்கே குடோன் கட்டுவது. ஜேசிபியை இன்றைக்கே வரச் சொல்லியாயிற்று.

இந்தப் பழ ஈயோடு அவள் மாரடித்தது கொஞ்சநஞ்சமா? போன காய்ப்பில் மரத்துக்கு மரம் டப்பாப் பொறி கட்டினாள். டப்பா நிறைய ஈ செத்துக் கிடந்தது. திருமூர்த்தி அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். பொறியில் வைத்த மருந்தின் வாசனைக்கு ஆண் ஈ மட்டும்தான் வரும்; செத்ததெல்லாம் ஆண் ஈ. முட்டை வைக்கிற மகராசிகள் இலைக்கடியில் சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள். போதாக்குறைக்கு, உதிர்ந்த பழங்களை உரமாகட்டும் என்று மனுஷன் மரத்தடியிலேயே குவித்து வைத்தார். பழத்திலிருந்த புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து அதே மரத்துக்கே குடிவந்தது.

இந்தத் தடவை உதிர்ந்ததையெல்லாம் அவளே பொறுக்கி ஆழமாகப் புதைத்தாள். காய்களுக்கு உறையும் போட்டாள். மற்றவர்கள் காகித உறை போடுவார்கள். பனியன் கம்பெனிக்காரி காகிதம் வாங்குவாளா? கட்டிங்கில் கழிந்த துணியை எடுத்து, டெய்லர் அன்புசெல்வியை உட்காரவைத்து, காய்க்குக் காய் பனியன் தைத்தாள். ஈ நுழைய இண்டு இடுக்கு இருக்கக் கூடாது, ஒரு சுருக்கம் விழக் கூடாது, ஒட்டிப் பிடிக்க வேண்டும். அன்புசெல்வி ஒரே ஒரு உறையை மட்டும் டபுள் எக்ஸல் பனியனின் கைப்பகுதித் துணியில் தொளதொளவென்று தைத்துவிட்டாள். "இதென்ன கண்ணு, கொய்யாவுக்கா பூசணிக்கா?" என்று கடிந்து, யார் கண்ணிலும் படாமல் கடைசி மரத்தில் அதை மாட்டினாள் சுப்பாத்தாள்.

"மூடித்தானே வெச்சே? அப்பறம் எப்படிப் புள்ள உள்ள போச்சு?" என்றார் திருமூர்த்தி.

"அதாங்க எனக்கும் பத்திக்கிட்டு வருது."

எழுந்து மரத்தடிக்குப் போனாள். உறை மேலேயே ஒரு ஈ சாவகாசமாக உட்கார்ந்து, முட்டை வைக்கிற பின்பக்க ஊசியைப் பனியன் துணியின் பின்னல் கண் வழியாக இறக்கிக்கொண்டிருந்தது. துணிக்கும் காய்க்கும் நடுவே மயிரிழை இடம் இல்லை. ஊசி நேரே காயில் இறங்கும்போது, உள்ளே போக அதற்கு என்ன தலையெழுத்து? சுப்பாத்தாளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விறுவிறுவென்று கடைசி மரத்துக்குப் போய், அந்தத் தொளதொள உறையோடு பழத்தைப் பறித்து வந்து பிளந்தாள். ரோஸ் நிறச் சதை. ஒரு புழு இல்லை.

"அன்புசெல்வி தெச்சதுதாங்க சரி. நாந்தான் ஃபிட்டிங் பாத்துக் கெடுத்துப்போட்டேன். ரெண்டு சைஸ் பெருசாத் தெச்சா அடுத்த காய்ப்பு தப்பிச்சுக்கும்ங்க."

"அடுத்த காய்ப்பா?"

கம்பெனி வாசலில் ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுகிறவன் இன்ஜினை அணைக்கவில்லை. அவள் ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள். அவர் மென்று தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு முதல் மரத்துக்கு நடந்தார். கழுத்தில் கிடந்த தையல் அளவு டேப்பை எடுத்து, உறை போடாத ஒரு பிஞ்சைச் சுற்றி அளந்தார். கொஞ்சம் யோசித்து, டேப்பைத் தளர்த்திவிட்டு மறுபடியும் அளந்தார். அவர் எப்போது கையை எடுப்பார் என்று மேல் இலையில் ஒரு ஈ காத்திருந்தது.