பதினைந்து கிலோவுக்கு ஏற்ற தோட்டா

மூன்றாவது ஆட்டுக்குட்டியும் போன காலையில், காபியைக் கையில் எடுக்குமுன்பே கலாவதி சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒரு ரைஃபிள் வேணுமுங்க."

நஞ்சப்பன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் அல்ல. மிக்ஸி பழுதானால்கூடத் தானே போய் வாங்கி வந்து, பழையதைத் தானே தூக்கிப் போட்டுவிடுவாள்.

"எதுக்கு?"

"கயோட்டிக்கு. வேற எதுக்கு, உங்களுக்கா?"

அவர்கள் டெக்சஸில், ஃபிரிஸ்கோ நகரத்தில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் சப்டிவிஷனில் பல வருடம் இருந்தவர்கள். அவன் சிப் சோதனைப் பொறியாளன். அவள் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். கொல்லையில் கோழி வளர்க்க குடியிருப்புச் சங்கமான ஹெச்ஓஏ விடவில்லை என்ற ஒரே கோபத்தில் வீட்டை விற்றுவிட்டு, வடக்கே முக்கால் மணி நேரம் டிரைவ் பண்ணிப் போகிற தொலைவில் இருபது ஏக்கர் வாங்கினார்கள். கோழி வாங்கப் போனவர்கள் ஆடுகளோடு திரும்பினார்கள். ஆடுகள் குட்டி போட்டன. அந்த வாசனைக்குக் கயோட்டி வந்தது. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, வேலி என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பிராணி.

அவர்கள் செய்யாததில்லை. வேலியை உயர்த்தினார்கள், விளக்குப் போட்டார்கள். கழுதை வளர்த்தால் கயோட்டி அண்டாது என்று இணையத்தில் படித்துவிட்டு நஞ்சப்பன் ஒரு கழுதையை வாங்கி வந்தான். கயோட்டியின் ஊளை கேட்ட முதல் மாலை, ஆடுகளையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் முதல் ஆளாக ஓடியது கழுதைதான்.

"சரி, வாங்கலாம்," என்றான் நஞ்சப்பன். "பெருசா வாங்கலாம். யானையே விழற மாதிரி."

"யானை நம்ம குட்டிய தூக்கலீங்க."

டெக்சஸில் கயோட்டியைச் சுடத் தடை இல்லை. எதை வைத்துச் சுடுவது என்பதுதான் கேள்வி. துப்பாக்கிக் கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியும் அதுதான்: என்ன தோட்டா? கலாவதி விழித்தாள். நஞ்சப்பன் சுவரில் இருந்ததிலேயே நீளமான துப்பாக்கியைக் காட்டினான். கடைக்காரர் மரியாதையாக, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

நஞ்சப்பன் அதை ஆபீஸில் ராமசுப்ரமணியனிடம் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். ராமசுப்ரமணியன் மயிலாப்பூர்க்காரர். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மூன்று பேரிடம் கேட்ட பிறகே வாயில் வைப்பவர். கதையைக் கேட்டவர் லேப்டாப்பை மூடினார். கதவையும் மூடினார்.

"நஞ்சு, இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. எங்காத்துல நாலு ரைஃபிள் இருக்கு."

நஞ்சப்பன் நாற்காலியில் நிமிர்ந்தான். ராமசுப்ரமணியன் பல வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் ஒரு ரேஞ்சில் காகித வட்டங்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை. மனைவிக்குத் தெரியும், ஊரில் இருக்கும் மாமியாருக்குத் தெரியாது. அதுதான் முக்கியம் என்றார்.

சனிக்கிழமை அனுமன் கோவிலில் மூவரும் சந்தித்தார்கள். பிரகாரத்தில் பேச ராமசுப்ரமணியனுக்கு மனம் வரவில்லை. "சன்னிதிக்கு எதிர்ல வேண்டாம் டாக்டர். பார்க்கிங் லாட்டுக்கு வாங்கோ," என்று அழைத்துப் போனார். வடைமாலைப் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தார். தோட்டாக்களுக்கு எண்தான் பெயர். குரல் தாழ்ந்திருந்தது. கண் மட்டும் பளபளத்தது.

"முதல்ல செவன்டீன். ஒல்லி. சத்தமே போடமாட்டான். ஆனா காத்தடிச்சா அந்தப் பக்கம் சாஞ்சுடுவான். டெக்சஸ் காத்துக்கு லாயக்கில்லை. அடுத்தது டூ-டூ-த்ரீ. நல்ல பையன், சாது. எங்க கேட்டாலும் கிடைப்பான்."

"அந்த டூ-ஃபார்ட்டி-த்ரீ?" என்று நஞ்சப்பன் குறுக்கிட்டான். அவனும் ஒரு வாரமாகப் படித்திருந்தான்.

"அவன் உடம்பு கொஞ்சம் கனம். உதைப்பான். என்னைக் கேட்டா ட்வென்டி-டூ டூ-ஃபிஃப்டி. என்ன வேகம் தெரியுமோ? ஆனா சூடு ஜாஸ்தி. அவனோட இருந்தா சீக்கிரம் தேஞ்சு போயிடும்." தேய்வது துப்பாக்கியின் குழாய் என்பதை அவர் சொல்லவில்லை.

பக்கத்துக் காரில் பிரசாதப் பையை வைத்துக்கொண்டிருந்த நாகரத்தினம் ஆன்ட்டி நிமிர்ந்தாள். கோவிலில் பார்த்துப் பழக்கம்.

"பொண்ணுக்குப் பாக்கறீங்களா கலா? நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. அந்த சாதுவான பையனையே முடிச்சிடு. வேகமா இருக்கான்னு பார்க்காத. உதைக்கிறவன் வேண்டவே வேண்டாம்."

"நானும் அதான் நினைச்சேனுங்க ஆன்ட்டி," என்றாள் கலாவதி.

ஆன்ட்டியின் கார் தெருத் திரும்பும்வரை மூவரும் அசையாமல் நின்றார்கள். பிறகு நஞ்சப்பன் கார் பானெட்டின்மேல் குப்புறச் சாய்ந்துவிட்டான். ராமசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் ரேஞ்சுக்குப் போனார்கள். பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிடச் சுட்டுத் தேர்ந்தெடுப்பதே முறை என்பது ராமசுப்ரமணியனின் கட்சி. தன்னிடமிருந்த நான்கையும் துணி விரித்து வைத்தார். கொலு வைக்கிறவரின் கவனம் அதில் இருந்தது.

டூ-ஃபார்ட்டி-த்ரீயை முதலில் எடுத்தவன் நஞ்சப்பன். அடித்தான். தொப்பி பின்னால் விழுந்தது. தோளைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்குது," என்றான். இரண்டாவது முறை சுட வேண்டாம் என்றும் தானே சொல்லிவிட்டான்.

கலாவதி செவன்டீனில் தொடங்கினாள். விளையாட்டுச் சாமான் போல இருந்தது. ஆனால் ரேஞ்சின் கொடி ஒரு பக்கமாகப் படபடத்த நேரத்தில் சுட்ட குண்டுகளெல்லாம் வட்டத்தைவிட்டு நகர்ந்து விழுந்திருந்தன. அடுத்து ட்வென்டி-டூ டூ-ஃபிஃப்டி. காதை மூடிய மஃப்பையும் தாண்டி அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. நான்கு மேஜை தள்ளி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமசுப்ரமணியன் பெருமிதத்தோடு அவர்களுக்குத் தலையசைத்தார்.

"எங்க பட்டுதுன்னே தெரியலீங்கண்ணா," என்றாள் கலாவதி. "ஸ்கோப் குதிச்சிருச்சு. திரும்பப் பார்க்கறப்ப ஓட்டை இருக்குது."

கடைசியாக டூ-டூ-த்ரீ. மூச்சை விட்டாள். பாதி மூச்சில் நிறுத்தினாள். விசையை அழுத்தினாள். தோளில் யாரோ மெதுவாகத் தட்டியது போல இருந்தது, அவ்வளவுதான். குறிபார்க்கும் ஸ்கோப்புக்குள் வெள்ளைக் காகிதம் அப்படியே நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி முளைத்தது.

கலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடமாக முகம் மாறாமல் நிற்கிறவள். போல்ட்டை இழுத்து இன்னொன்று சுட்டாள். முதல் புள்ளியைத் தொட்டுக்கொண்டு இரண்டாவது முளைத்தது. அவள் துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரேஞ்ச் ஆபீசர் ஓடிவந்து, மேடத்துக்கு உடம்பு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

மதியம் ஒரு டாக்கோ கடையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நஞ்சப்பன் இன்னும் டூ-ஃபார்ட்டி-த்ரீயை விடவில்லை. ராமசுப்ரமணியன், முந்நூறு கஜத்தில் கயோட்டி நின்றால் என்ன செய்வீர்கள் என்று டாக்கோவை நீட்டிக் கேட்டார். அவருடையதில் பீன்ஸ் மட்டும் இருந்தது.

"ராமுண்ணா, கயோட்டி என்ன வெயிட் இருக்கும்?" என்றாள் கலாவதி.

"ஒரு பதினஞ்சு கிலோ."

"கொட்டகையில இருந்து ஓடைக்கரை எவ்வளவு தூரம்?"

"நூத்தைம்பது கஜம் இருந்தா ஜாஸ்தி," என்றான் நஞ்சப்பன்.

"அப்புறம் எதுக்கு முந்நூறு கஜத்துக்கு யோசிக்கோணும்? பதினஞ்சு கிலோ பேஷன்டுக்கு நான் தொண்ணூறு கிலோ டோஸ் குடுக்க மாட்டேன். அதுக்காகக் குறைச்சும் குடுக்க மாட்டேன். பாதி மயக்கத்துல எந்திரிச்சு ஓடவெச்சா அதைவிடப் பாவம் இல்லீங்க. குடுத்ததுக்கு அப்புறம் பேஷன்ட் மூஞ்சியப் பார்த்துட்டே இருக்கோணும். டூ-டூ-த்ரீலதான் என்னால பார்க்க முடியுது."

இருவரும் மென்று முடித்தார்கள். ஆனாலும் ராமசுப்ரமணியன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"சரி. குண்டு? அதை நான் சொல்வேன். ஐம்பத்தஞ்சு கிரெய்ன், முனையில பிளாஸ்டிக் வெச்சது. உள்ள போனதும் மலர்ந்துடும். அந்தப் பக்கம் போகாது. கயோட்டி ஓடாது, தவிக்காது."

"ஐம்பத்தஞ்சு கிரெய்ன்னா?"

"மூணரை கிராம்."

"பதினஞ்சு கிலோவுக்கு மூணரை கிராம்," என்று கலாவதி சொல்லிப் பார்த்தாள். அந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்துவிட்டது. மாலையே கடைக்குப் போய், அதே கடைக்காரரிடம், இந்தத் தடவை அவர் கேட்குமுன் டூ-டூ-த்ரீ என்று சொல்லி வாங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவள் விடுமுறை நாளையெல்லாம் ரேஞ்சில் கழித்தாள். வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே பாதி மூச்சில் நிறுத்திப் பழகினாள். தோசை கருகியது.

மார்ச்சில் ஒரு விடிகாலை, புல்லில் பனி இருக்கும்போது, மூவரும் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். எதிரே மேய்ச்சல் நிலம். அதன் முடிவில் ஓடையின் உயரமான மண்கரை. குண்டு தவறினாலும் அந்தக் கரைதான் வாங்கிக்கொள்ளும். புல்லின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வைத்திருந்தார்கள். கயோட்டியை வரவழைக்க, அடிபட்ட முயல்போலக் கத்துகிற பெட்டி. அதன் ரிமோட் ராமசுப்ரமணியனிடம் இருந்தது. பச்சைநிற வேட்டைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார்.

"நான் சத்தம் மட்டும்தான் போடுவேன்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். "மீதியெல்லாம் டாக்டர் பொறுப்பு."

ரிமோட்டை அழுத்தினார். காகம் கரைந்தது. மன்னிக்கணும் என்று முணுமுணுத்து வேறொன்றை அழுத்தினார். வான்கோழி. மூன்றாவதற்கு முயல் வந்தது. பச்சைக் குழந்தை வீறிடுவது போன்ற குரல். மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது.

கொட்டகைப் பக்கம் தடதடவென்று சத்தம் கேட்டது. கலாவதி துப்பாக்கியைத் தொட்டாள். வந்தது கழுதை. வாழ்க்கையில் முதல்முறையாக வீரம் வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெட்டியை நோக்கிப் பாய்ந்து, திரும்பி நின்று ஒரு உதைவிட்டது. பெட்டி உருண்டது. உருண்ட பெட்டி இன்னும் சத்தமாகக் கத்தியது. கழுதை வெற்றியோடு கனைத்தது. நஞ்சப்பன் வாயைத் தொப்பியால் அடைத்துக்கொண்டு வைக்கோலில் புரண்டான். ராமசுப்ரமணியனுக்கு விக்கல் எடுத்தது. ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் கிடைக்கவில்லை.

கழுதையை இழுத்துக் கட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தபோது சூரியன் எழுந்துவிட்டது. இனி எது வரும் என்றான் நஞ்சப்பன். ஒரு தடவை பார்க்கலாம் என்றார் ராமசுப்ரமணியன். முயல் கத்தியது, நின்றது, கத்தியது.

"வலது பக்கம்," என்றாள் கலாவதி, உதடு அசையாமல்.

கயோட்டி ஓடைக்கரையின் அடியிலிருந்து ஏறி வந்திருந்தது. வெயில் அதன் முதுகில் செம்பழுப்பாக விழுந்தது. காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு, பெட்டியையே பார்த்துக்கொண்டு, நாலடி வரும், நிற்கும். கலாவதி மூச்சை விட்டாள். பாதியில் நிறுத்தினாள். அது பக்கவாட்டில் திரும்பி நின்றது.

சத்தம் ஓடைக்கரையில் மோதித் திரும்பியது. ஸ்கோப் குதிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அது நின்ற இடத்திலேயே விழுந்தது. ஒரு கால்கூட உதறவில்லை.

பிறகு மூவரும் நடந்து போனார்கள். கிட்டத்தில் அது நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கலாவதி மண்டியிட்டு, பழக்கதோஷத்தில், தொடையின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "தெரிஞ்சேயிருக்காது அதுக்கு."

ராமசுப்ரமணியன் தொப்பியைக் கழற்றியிருந்தார். "இத்தனை வருஷம் நம்பரா படிச்சிருக்கேன் டாக்டர்," என்றார். "இதான் அந்த நம்பரோட அர்த்தம்." ரோமத்தை ஒரு தடவை தடவினார். மண்வெட்டியை நஞ்சப்பனிடம் கொடுக்கவில்லை. முதுகு வலிக்காரர், மெஸ்கீட் மரத்தடியில் தானே குழி தோண்டினார். புதைத்து முடிந்ததும் காரிலிருந்து கோவில் குங்குமத்தை எடுத்து வந்து மண்மேல் தூவினார்.

வீட்டுக்குள் வந்து கை கழுவியதும் பசி வந்தது. அப்படி ஒரு பசி. கலாவதி தோசை வார்க்க, இருவரும் அடுப்பருகே நின்றபடியே தின்றார்கள். நஞ்சப்பன் கழுதைபோல ஒரு தரம் கனைத்துக் காட்டினான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. கலாவதி தோசைத் திருப்பியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நடுவில் ராமசுப்ரமணியனின் மனைவி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "நஞ்சு ஆத்துல," என்றார் அவர். "காகத்துக்கும் முயலுக்கும் வித்தியாசம் கத்துண்டிருக்கேன்."

அந்த வசந்தத்தில் அதற்குப் பிறகு குட்டி ஒன்றும் போகவில்லை. ஏப்ரலில் இன்னொரு கயோட்டி ஓடைவரை வந்தது. கலாவதி சுட்டாள், தவறியது, அது கரையேறி ஓடிப்போனது. சுத்தமாகத் தவறியதே நல்லது, அரைகுறையாகப் படவில்லை என்று அவள் திருப்திப்பட்டுக்கொண்டாள். நஞ்சப்பன் பிடிவாதமாகத் தனக்கென்று ஒரு டூ-ஃபார்ட்டி-த்ரீ வாங்கினான், கூடவே தோளுக்கு ஒரு மெத்தையும். ராமசுப்ரமணியன் சனிக்கிழமை தோறும் கோவிலிலிருந்து நேரே வந்துவிடுவார். வெயில் ஏறினால் வைக்கோல் கட்டின்மேல் சாய்ந்து தூங்கிப்போவார். குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வயிற்றில் ஏறிக் குதிக்கும். எழுப்பாதீங்க என்று கலாவதி கையைக் காட்டுவாள்.