வழிப்போக்கன் நம்ம ஆளு

என் மகன் என்னிடம் பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனால் வழிப்போக்கன் என்ற ஒருவரிடம் தினமும் பேசுகிறான். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான், அண்ணே என்று கூப்பிடுகிறான். அந்த வழிப்போக்கன் நான்தான். போன புதன்கிழமை வரை அது அவனுக்குத் தெரியாது.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சாலைக்கு. பழைய சந்தையை இடித்துவிட்டு அந்த இடத்தில் அகலமாக ஒரு சாலை போடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. பாதி ஊர் வேண்டும் என்றது, மீதி ஊர் வேண்டாம் என்றது. நான் வேண்டாம் கட்சி, அவன் வேண்டும் கட்சி. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் போனில் ‘சந்தை காப்போம்’ குழுவில் சேர்ந்தேன். அவன் ‘சாலை வேண்டும்’ என்று ஒரு குழுவைத் தொடங்கி அட்மினாகவே உட்கார்ந்துவிட்டான்.

சாலையைப் பற்றி எத்தனை நாள்தான் பேசுவது? கொஞ்ச நாளில் சாலை காணாமலே போய்விட்டது. எந்த எண்ணெயில் சமைக்க வேண்டும், எந்த டாக்டர் திருடன், எந்தக் கடையில் செருப்பு வாங்கக் கூடாது என்பது வரைக்கும் குழுக்கள் முடிவு செய்தன. காலையில் நடப்பது நல்லது என்று எங்கள் குழுவில் வந்தால், நடந்தால் முட்டி தேய்ந்துவிடும் என்று அவர்கள் குழுவில் ஒருவர் அழாத குறையாக வீடியோவில் சொல்வார். என் போன் காலையிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். எதையும் முழுதாகப் படித்ததில்லை. படித்தவரைக்கும் எல்லாம் நான் நினைத்ததாகவே இருந்ததால், நமக்கு எவ்வளவு அறிவு என்று சந்தோஷமாக இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். சில லிஃப்டுகளில் மூன்று பக்கமும் கண்ணாடி பதித்திருப்பார்கள். உள்ளே போனால் பெரிய கூட்டம் இருப்பதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் எல்லாம் நம் மூஞ்சிதான். குழுவும் அப்படித்தான். இது எனக்கு அப்போது புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவன் அம்மா காலமான பிறகு அடுப்படியில் நாங்கள் மாறி மாறிச் சோற்றைக் கருக்கிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு போனைப் பார்த்து ஆளுக்கொரு செய்தியைச் சத்தமாகப் படித்தோம்.

“இதெல்லாம் யார் சொன்னா உங்களுக்கு?”

“உனக்கு யார்டா சொன்னா?”

“நீங்க பேசலப்பா. உங்க போன் பேசுது.”

“அப்ப உன் போன்கிட்டயே போய் சோறு கேளு” என்றேன்.

எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும். தட்டில் பாதி அப்படியே இருக்க அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அந்த வாரமே ஊரின் அந்தக் கோடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். போன் செய்தேன், போகவில்லை. என் எண்ணை பிளாக் செய்திருந்தான். அறை வாசலுக்கும் ஒரு முறை போனேன். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. என் பிள்ளை அல்லவா, பிடிவாதத்துக்கு என்ன குறை?

அவனுடைய குழுவில் சேருவதற்கான லிங்க் எங்கள் குழுவுக்கே வந்தது. எதிரிகளைப் போய்த் திட்டிவிட்டு வாருங்கள் என்று யாரோ போட்டிருந்தார்கள். நான் புதிதாக ஒரு சிம் வாங்கினேன். சூரியன் உதிக்கிற படம் ஒன்றை வைத்து, வழிப்போக்கன் என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். திட்டுவதற்காக அல்ல. அவன் ஏதாவது எழுதுவான், அதைப் பார்க்கலாம் என்றுதான்.

பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். பூ, பொன்மொழி, பூகம்பம், பழைய சண்டை, புதுச் சண்டை. அத்தனைக்கும் அடியில் அவன் எழுதியது இரண்டு வரி கிடக்கும். குப்பைத் தொட்டியில் விழுந்த மோதிரத்தைத் தேடுவதுபோலத் தேடி எடுப்பேன். ‘இன்னைக்கு ஆபீஸ்ல லேட்.’ ‘கரண்ட் இல்ல, அப்புறம் வரேன்.’ எனக்கு அது போதும். லேட் என்றால் பசியோடு இருப்பான், கரண்ட் இல்லை என்றால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தகப்பனுக்கு வேறு என்ன செய்தி வேண்டும்?

சும்மா இருக்கிறவர்களை அந்தக் குழுவில் சந்தேகப்படுவார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சாலைக்கு ஆதரவாக எழுத ஆரம்பித்தேன். எங்கள் கட்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதைக் கரைத்துக் குடித்தவன் நான். ஒவ்வொன்றுக்கும் நறுக்கென்று பதில் எழுதினேன். குழுவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதில் ஒன்று சுற்றிச் சுற்றி எங்கள் குழுவுக்கே வந்து சேர்ந்தது. எழுதினவன் கையை முறிக்க வேண்டும் என்று என் சிநேகிதர்கள் கொதித்தார்கள். முறிக்கத்தான் வேண்டும் என்று நானும் எழுதினேன்.

ஒருநாள் அவன், ‘உடம்பு சரியில்ல, காய்ச்சல்’ என்று போட்டான். அதற்கும் கீழே நாலு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள், மடையர்கள். நான் உடனே ‘வெந்நீர் குடிங்க தம்பி. ஃபேனை நேரா மூஞ்சிக்கு வெக்காதீங்க’ என்று எழுதினேன். ‘சரிங்க அண்ணே’ என்று பதில் வந்தது. வீட்டில் இருந்தவரை அதே ஃபேனுக்காக அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு நாளாவது சரி என்றானா? முகம் தெரியாத வழிப்போக்கன் சொன்னால் மட்டும் சரியாம். சத்தியமாகச் சொல்கிறேன், வழிப்போக்கன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய், எனக்கு மட்டும் வெந்நீர் போட்டு நானே குடித்தேன்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். போன புதன்கிழமை அவர்கள் குழுவில் பேசியது ஸ்கிரீன்ஷாட் படமாக எங்கள் குழுவில் வந்துவிட்டது. அங்கே ஒரே அமளி. மதியம் என் மகன் எழுதினான்: ‘உள்ள ஒரு உளவாளி இருக்கான். எல்லாரும் சாயங்காலத்துக்குள்ள, நான் நம்ம ஆளு, சாலை வேணும்னு சொந்தக் குரல்ல பேசி அனுப்புங்க. அனுப்பாதவங்கள எடுத்துடுவேன். யாரும் தப்பா நினைக்காதீங்க.’

அந்தப் படத்தை அனுப்பியது நான் இல்லை. நான் உளவு பார்த்தேன், உண்மைதான். என் பிள்ளை சாப்பிட்டானா என்று மட்டும்தான் பார்த்தேன். இப்போது பேசாமல் இருந்தால் எடுத்துவிடுவான். பேசினால் குரலைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவான். அதன் பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் தெரியாது, கல்யாணம் ஆனாலும் தெரியாது. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லிஃப்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது மாடியில் தொங்கியபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போது நான் நீலக் கண்ணாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறையில் இருந்தேன். கட்டடம் கட்டிய காலத்திலிருந்து அந்த லிஃப்ட் என் பொறுப்பு. சின்ன அறை, கிரீஸ் வாடை, காலை நீட்ட இடம் இருக்காது. யோசித்தேன். மோட்டார் ஓடும்போது பேசினால் குரல் பாதி அமுங்கிவிடும். போனில் பதிவை ஓடவிட்டு, கீழே யாரோ பட்டனை அழுத்தும்வரை காத்திருந்தேன். கைக்குட்டையை வாயில் வைத்து, மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “நான் நம்ம ஆளு, சாலை வேணும்” என்றேன். போட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த குமாஸ்தா ஒருவர் பேசுவதுபோல இருந்தது. என்னைப் பெற்றவளே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாள். அனுப்பிவிட்டேன்.

ஒவ்வொருவர் குரலுக்கும் கீழே அவன் ‘நம்ம ஆளு’ என்று எழுதிக்கொண்டே வந்தான். எனக்கு முன்னால் அனுப்பியவர் நம்ம ஆளு. எனக்குப் பின்னால் அனுப்பியவரும் நம்ம ஆளு. என்னுடையதைக் கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. ஆனால் ஒன்றும் எழுதவில்லை. எண்ணெய்க் குப்பியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். வேலை ஓடவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் குழுவில் இல்லாமல், வழிப்போக்கனுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

‘அந்த ரிலேய இன்னும் மாத்தலையா?’

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் என் குரலைப் போட்டுக் கேட்டேன். நான் பேசுவதற்குச் சற்று முன்னால், மோட்டார் கிளம்பும் இடத்தில், டக்… டக் என்று இரண்டு தட்டு. மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற ரிலே ஒரே தட்டில் பிடிக்க வேண்டும்; அந்த லிஃப்டில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இரண்டு தடவை தட்டித்தான் பிடிக்கும். அவன் பள்ளிக்கூடம் போன நாட்களில், லீவு விட்டால் வீட்டில் ஆள் இல்லாமல் அவனை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, இது மட்டும் ஏன் ரெண்டு தடவை தட்டுது?” என்று கேட்பான். “உன்ன மாதிரி. ஒரு தடவை சொன்னா கேக்காது” என்பேன். நாள் தவறாமல் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் என் காதிலேயே விழாமல் போய்விட்டது. குரலை மறைக்க ஊரில் வேறு இடமா இல்லை? வேலை செய்கிற இடத்திலேயே போய் ஒளிந்துகொண்டேன். அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

‘நான்தான்டா’ என்று எழுதினேன். அழித்தேன். ‘வீட்டுக்கு வாடா’ என்று எழுதினேன், அதையும் அழித்தேன். நான் எழுதுவதும் நிறுத்துவதும் அவனுக்கு அங்கே தெரிந்துகொண்டிருக்கும். கடைசியில், ‘மாத்தணும் தம்பி’ என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘பாத்து வேலை செய்யுங்க அண்ணே.’

அண்ணே. தெரிந்த பிறகும் அண்ணே. அப்பா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்தக் கிரீஸ் கையோடு பஸ் ஏறிப் போய் அவன் வாசலில் நின்றிருப்பேன். அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதவில்லை. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, வாளி இருந்த மூலையைப் பார்த்து அழுதேன். என் வயதுக்கு அது நன்றாகவா இருந்தது? பார்க்க யாரும் இல்லை, அதனால் அழுதேன்.

அடுத்த நிமிஷம் குழுவில் என் குரலுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: ‘வழிப்போக்கன் நம்ம ஆளு. எனக்கு நல்லா தெரிஞ்சவர்.’

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது என் பழைய எண்ணிலிருந்து அவனுக்குப் போன் செய்து பார்த்தேன். போகவில்லை. பிளாக் எடுக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போலப் பூவும் பூகம்பமும் வந்து குவிந்தன. நடுவில் அவன் எல்லோருக்கும் வணக்கம் போட்டிருந்தான். நானும் வணக்கம் தம்பி என்றேன். புது ரிலே கம்பெனியிலிருந்து எப்போதோ வந்துவிட்டது, என் பையில்தான் கிடக்கிறது. பழையதால் ஆபத்து ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும்தான். நேற்றும் மோட்டார் அறைக்குப் போனேன், பையைத் திறந்தேன், மூடிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அதை மாற்றிவிட்டால், அடுத்த தடவை குரல் கேட்கும்போது என்னை எப்படித் தெரியும் அவனுக்கு?