வாசற்படி இல்லாத வீடு

ஒற்றைத் தலையணையில்தான் கோகிலவாணிக்கு முதல் சந்தேகம் தட்டியது.

"ஒண்ணு போதும் புள்ள," என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் தனபால் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. அதற்குள் அவன் செய்வதெல்லாம் பொம்மை வீட்டுச் சாமான்கள். நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். அந்தக் கணக்குப் பிசகாமல் காப்பிக் கட்டையில் நாற்காலி, கட்டில், இழுத்தால் வருகிற இழுப்பறையோடு பீரோ எல்லாம் செய்துவிடுவான். மெத்தை, திரைச்சீலை, ஜமுக்காளம் அவளுடைய பொறுப்பு. பட்டுநூலை ஒற்றை இழையாகப் பிரித்து, நைந்துபோன வேட்டித் துணியில் பூ போடுவாள். புதுத்துணி அந்த அளவில் விறைத்துக்கொண்டு நிற்கும், பழசுதான் கட்டிலில் படிந்து விழும். தலையணைக்குள் பஞ்சுக்குப் பதில் சாமைத் தவிடு. அப்போதுதான் யாரோ இப்போதுதான் தலை வைத்து எழுந்துபோன மாதிரி அமுங்கி இருக்கும்.

மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற, மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில், விரல் நீளக் கட்டில் செய்து பெங்களூருக்கு அனுப்புகிற புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரிக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

இதுவரை செய்த எந்த வீட்டுக்கும் தலையணை இரண்டுக்குக் குறைந்ததில்லை. இன்னொரு பழக்கமும் தனபாலுக்கு உண்டு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சன்னலோரம் ஒரு முக்காலியை வைத்துத்தான் அனுப்புவான். அவள் உட்கார்ந்து தைக்கிற முக்காலியின் அச்சு அது. "பொம்மை ஊடா இருந்தாலும் தைக்க ஒரு ஆளு வேண்டாமா?" என்பான். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அவள் வெட்கப்பட்டதெல்லாம் உண்டு.

இந்த வீட்டை மட்டும் துண்டு போட்டு மூடி வைத்தான். சென்னைப் பார்ட்டி, யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். பொம்மை வீட்டில் அப்படி என்ன ராணுவ ரகசியம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலில் எண்ணெய் ஊற்றப் பக்கத்து வீட்டுப் பாவாயி இருந்தாள்.

"ஏன் அம்மிணி, தனபாலு குடிக்க ஆரம்பிச்சுட்டானா? நேத்து வரப்புல நடக்கையில கால் தடுமாறுது. ஒரு செருப்பு கழண்டு கெடக்குது, அதுகூடத் தெரியாமப் போறான்."

"அவரு குடிக்க மாட்டாருங்க."

"அப்போ வேற மயக்கமாத்தான் இருக்கோணும். புதுசா வந்திருக்காங்களே ஜெசிந்தா நர்சம்மா, மலைக்குக் கீழ சீமைக்காரங்க. ஆஸ்பத்திரித் திண்டுல அவங்ககூட உக்காந்து பேசிட்டே இருந்தான். எனக்கென்னமோ சொல்லத் தோணுச்சு, சொல்லிட்டேன் கண்ணு."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் களை வெட்டப் போய்விட்டாள். கேட்டவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் தனபால் செம்மேட்டுக்கு பஸ் ஏறியதும் கோகிலவாணி பட்டறைக்குள் நுழைந்து துண்டை உருவினாள். வீடு அழகாகத்தான் இருந்தது, அதுவே அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஒற்றைக் கட்டில். சன்னலோரம் முக்காலி இல்லை. அடுப்படி மேடை பார்க்கவே தாழ்வாகத் தெரிந்தது. ஆணியில் தொங்கிய அளவுப் பொம்மையை எடுத்தாள். அவளுடைய உயரத்துக்குச் செதுக்கியது அது. எந்த வீடு செய்தாலும் தனபால் அதை அடுப்படியில் நிறுத்தி, மேடை அதன் இடுப்புக்கு வருகிறதா என்று பார்த்துத்தான் பசை போடுவான். இங்கே நிறுத்தினால் மேடை தொடையோடு நின்றுவிட்டது.

அவள் சமைப்பதற்குச் செய்த அடுப்படி இல்லை இது. அவளைவிடக் குட்டையான யாரோ ஒருத்திக்குச் செய்தது.

வாசலைப் பார்த்தபோது மீதியும் விளங்கியது. கதவு அகலமாக இருந்தது. கீழே படி இல்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க ஒரு வாசற்படி வேண்டாமா? அதில்லாமல் எந்த வீட்டையும் தனபால் செய்ததில்லை. மஞ்சள் பூசும் வழக்கம் இல்லாதவள் குடிவரப் போகிறாள் என்றால் அது வேதக்காரியாகத்தான் இருக்க வேண்டும். ஜெசிந்தா கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. ஜெசிந்தா குட்டையா நெட்டையா என்பது மட்டும்தான் பாக்கி. ஊசி போடும் மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போதுதான் கோகிலவாணி பார்த்திருக்கிறாள்.

அளவுப் பொம்மையை இடுப்பில் செருகிக்கொண்டாள். துண்டைப் பழையபடி மூடிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அங்கே போனதும் வாயில் வந்தது வேறு.

"நர்சம்மா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

ஜெசிந்தா ஒன்றும் புரியாமல் எழுந்தாள். எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள். கோகிலவாணியைவிட ஒரு தலை உயரம். அந்தத் தாழ்ந்த மேடையில் இவள் சமைத்தால் பொழுது சாய்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"தனபாலு சம்சாரமுங்க."

ஜெசிந்தாவின் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. அப்ப அவர் உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"என்னத்தைங்க சொல்லோணும்?"

"சொல்லலையா?" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதை நான் சொல்றது முறையில்லைம்மா. அவர் வாயால வரணும். மறைக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாம எத்தனை நாளைக்குன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

இதைவிட வேறென்ன வாக்குமூலம் வேண்டும்? இவள் இல்லையென்றால் வேறு எவளோ, அதற்கு இவள் தரகு. கோகிலவாணி திட்டுவதற்கு வாயெடுத்தாள், நர்ஸின் கண் கலங்கியிருப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். விருட்டென்று எழுந்து வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். படி இல்லாத சரிவில் ஏறி, அகலக் கதவில் இடிக்காமல் நாற்காலி உள்ளே உருண்டது. பெரியவர் குழாயடியில் நிறுத்தச் சொல்லி, தாழ்வாகக் கட்டியிருந்த தொட்டியில் உட்கார்ந்தபடியே கை கழுவினார்.

கோகிலவாணி அந்தத் தொட்டியின் அருகே போனாள். தரையிலிருந்து கையால் சாண் போட்டு அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். அவள் தொடையோடு நின்றது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அந்த அடுப்படி மேடையேதான்.

வரப்பில் கழன்று கிடந்த செருப்பு அவள் நினைவுக்கு வந்தது. செருப்பு போனது காலுக்குத் தெரியவில்லை. இதைக் குடி என்றாள் பாவாயி, பொம்பளை என்று நினைத்தாள் இவள். கட்டினவள் என்று ஒருத்தி வீட்டில் இருந்து என்ன புண்ணியம் என்று தன்னையே வைதுகொண்டு நடந்தாள். அழுகையும் வந்தது.

தனபால் திரும்பி வந்தபோது பட்டறைக் கதவு திறந்து கிடந்தது. துண்டு தரையில் கிடந்தது. அவள் அந்த வீட்டின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு ஊடுங்க?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ பொய் சொல்ல யோசித்தான் போல; பிறகு மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தான். "முதுகுத்தண்டுல நரம்பு போகுதாம் புள்ள. சேலத்துல பாத்துட்டாங்க. காலு கொஞ்சங் கொஞ்சமா விழுந்துருமாம். கை நல்லாத்தான் இருக்குமாம், தொழிலுக்குப் பழுதில்லை. நம்ம ஊட்ட எப்படி மாத்தலாம்னு செஞ்சு பாத்தேன்."

"கட்டிலு ஏனுங்க ஒத்தக் கட்டிலு?"

அவன் பெஞ்சில் கிடந்த மரத்தூளை ஒதுக்கினான்.

"ஏனுங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"நீ உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிரு கண்ணு. சின்ன வயசு உனக்கு. என்னைத் தூக்கி எறக்கறதுக்கா உன்னைக் கட்டிட்டு வந்தேன்? நானே பொங்கித் தின்னுக்கலாம். அதுக்குத்தான் மேடையத் தாழ்த்தினேன்."

வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. வேறொருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளைக் கேட்காமலே அவளில்லாத வீட்டை அங்குல அங்குலமாக இழைத்து முடித்துவிட்டான் இந்த மனுஷன். அந்த வீட்டுக்குத் தலையணையும் அவள் கையாலேயே தைக்கச் சொல்லியிருக்கிறான்.

இடுப்பிலிருந்த அளவுப் பொம்மையை எடுத்து அடுப்படியில் நிறுத்தினாள்.

"இவளும் இந்த ஊட்டுலதான் இருப்பா. பக்கத்துல இன்னொரு மேடை போடுங்க, ஒசரமா. தாழ்ந்த மேடையில நீங்க காய் அரிங்க." ஒற்றைக் கட்டிலை நகத்தால் நெம்பிப் பெயர்த்து அவன் மடியில் போட்டாள். "இதை ஒடைச்சுட்டு அகலமாச் செய்யுங்க. முக்காலி எங்கே? சன்னலோரத்துல வையுங்க."

தனபால் கட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான். "வாசப்படி?" என்றான். "படி வெச்சா வண்டி ஏறாது புள்ள."

அவள் அந்தச் சின்ன வாசலைக் குனிந்து பார்த்தாள்.

"படி வேண்டாம். நெலைக்காலுக்கு மஞ்சப் பூசிக்கறேன்," என்றாள். பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டாவது தலையணைக்குத் தவிடு புடைக்க முறத்தைத் தேடிப் போனாள்.