பெங்களூருக்குப் போன கிழங்கு

வெங்கடாசலத்துக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. நிலத்துக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். சர்க்கரை வியாதிக்கு எந்தக் கீரை நல்லது என்று தெரியும். அடுத்த தேர்தலில் யார் வருவார்கள் என்பதும் தெரியும். அவருக்கு மூன்று ரிக் வண்டிகள் இருந்தன. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த அந்த வண்டிகளில் எதிலும் அவர் பத்து வருடமாக ஏறியதில்லை. எலச்சிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்தபடி போனிலேயே மூன்றையும் ஓட்டினார். போன் பேசும்போது எழுந்து நின்றுகொள்வார், அப்படிப் பேசினால்தான் எதிர்முனையில் இருப்பவன் பயப்படுவான் என்று நம்பினார்.

அவர் மனைவி வெண்ணிலா தாவரவியல் பட்டதாரி. அவர் படித்தது ஒன்பதாவது வரை. இந்த வித்தியாசத்தைக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாகியும் அவர் மன்னிக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் மகளிர் குழுவோடு ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போன வெண்ணிலா, அங்கே ஒரு நர்சரியில் பன்னிரண்டு கிளாடியோலஸ் கிழங்குகளை வாங்கி வந்தாள். வந்த வேகத்தில் வைகாசி வெயிலிலேயே நட்டாள். இரண்டு இலை விட்டது, நுனி கருகியது, படுத்துவிட்டது.

"மலையில வர்றதக் கொண்டாந்து மண்டை பொளக்கற வெயில்ல வெச்சா வருமா?" என்றார் வெங்கடாசலம். "இதுக்குத்தான் காலேஜுக்குப் போனயாக்கும்."

தப்பு அவளுடையதுதான். மண்ணைக் கிளறிப் பார்த்தபோது ஐந்து கிழங்குகள் சூம்பியும் உயிரோடு இருந்தன. அவற்றை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தாள். ஐப்பசி மழை விட்டு, காற்றில் குளிர் வந்த பிறகு எடுத்து, எருவும் வேப்பம்புண்ணாக்கும் கலந்த பாத்தியில் நான்கு விரற்கடை ஆழத்தில் நட்டாள். தை மாதம் நான்கு பூந்தண்டுகள் வந்தன. இடுப்பு உயரத்துக்கு, அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு மொட்டாக விரிந்தன. தோண்டி எடுத்தபோது பழைய கிழங்கு வற்றிப்போய் அதன் தலைமேல் புதுக் கிழங்கு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மிளகு மிளகாகக் குட்டிகள். குட்டிகள் பூக்க இரண்டு வருடமாகும். வெண்ணிலா காத்திருந்தாள். ஆறாவது வருடம் வீட்டின் கிழக்குப் பக்கத்தில் முந்நூறு தண்டுகள் நின்றன. சிவப்பு, வெள்ளை, வாடாமல்லி நிறம், நடுவில் மஞ்சள் தீற்றிய ஒரு ரோஸ்.

வெங்கடாசலம் அந்தப் பக்கம் போவது காரை நிறுத்துவதற்கு மட்டும்தான்.

"தலையில வெக்க முடியாது. சாமிக்கும் ஆகாது. வாசமாச்சும் இருக்குதா? நாலு கத்திரி நட்டிருந்தா கொழம்புக்காச்சும் ஆகும்" என்பார்.

வெண்ணிலா அவருக்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. பயந்து நிறுத்தவில்லை. காது கேட்காதவர்களிடம் கத்துவது அவளுக்குக் கேவலமாகப் பட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தை மாதத்தில் பெங்களூரிலிருந்து ஆண்ட்ரூஸும் அவர் மனைவி அக்சிலியாவும் வந்தார்கள். சேலத்துக்காரர்கள். பெங்களூருக்குப் போய் வீட்டுமனை போட்டு விற்கிறவர்கள். ஆண்ட்ரூஸின் மனைகளுக்கெல்லாம் போர் போடுவது வெங்கடாசலத்தின் வண்டிகள். அவர்கள் வருவதற்காக வீட்டுக்கு வெள்ளையடித்து, சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, வெங்கடாசலம் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார்.

காரிலிருந்து இறங்கிய அக்சிலியா வீட்டைப் பார்க்கவில்லை. நேராகப் பாத்திக்குப் போனார்.

"கிளாடியோலஸா? இந்த வெயில் ஊர்லயா? யார் வெச்சது?"

"நாந்தானுங்க" என்றார் வெங்கடாசலம்.

டம்ளர்களோடு வாசலுக்கு வந்திருந்த வெண்ணிலாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் தெரியவில்லை.

"நமக்கு இதுல ஒரு கிறுக்குங்க. ஹாலந்துல இருந்து வெதை வரவெச்சேன்."

"விதையா? கிழங்குதானே வைப்பாங்க?"

"கெழங்குதானுங்க. கெழங்கு வெதை."

"எவ்வளவு ஆழத்துல வைக்கணும்? நான் மாடியில தொட்டியில வெச்சுப் பார்த்தேன், சாய்ஞ்சு சாய்ஞ்சு போகுது."

வெங்கடாசலம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒண்ணர அடிங்க. ஆழம் போனாத்தான் எதுவும் நிக்கும்."

அக்சிலியா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வெண்ணிலாவைப் பார்த்து, "நீங்களும் இவருக்கு உதவி பண்ணுவீங்களா?" என்றார்.

அதற்கும் வெங்கடாசலமே பதில் சொன்னார். "அவளுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். சொன்னா தண்ணி ஊத்துவா."

வெண்ணிலா டம்ளர்களை நீட்டினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தெருவில் ஒருவன் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நடந்துபோவதைப் பார்த்தால் வருமே ஒரு கூச்சம், அதுதான் வந்தது. அன்று வடை போதாமல் மறுபடி சுட்டாள். போகும்போது அக்சிலியா, "கிழங்கு எடுத்ததும் எனக்குக் கொஞ்சம் அனுப்புங்கண்ணா" என்று வெங்கடாசலத்திடம் கேட்டுக்கொண்டு போனார்.

பங்குனியில் இலைகள் பழுத்ததும் வெண்ணிலா கிழங்குகளைத் தோண்டினாள். உலர்த்தி, வேப்பிலைத் தூள் தூவி, ஆறு துணிப்பைகளில் போட்டு, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அடுக்கினாள். அந்த ஃப்ரிட்ஜை வெங்கடாசலம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தண்ணீருக்காகத் திறப்பார். கீழே குனிந்து பார்த்ததில்லை.

ஆடியில் அக்சிலியா போன் செய்தார். வெங்கடாசலம் எழுந்து நின்று பேசினார். "நாளைக்கே பார்சல் போட்டறனுங்க."

மனைவியைக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் கேட்டால், வளர்த்தது யார் என்று வீட்டுக்குள்ளேயே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். அவர் ஸ்டோர் ரூமுக்குப் போனார். அங்கே மூலையில் ஒரு சாக்கு இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கந்தம்மாள் வாய்க்கால் ஓரத்தில் நடுவதற்காகக் கொடுத்துவிட்டுப் போன சேப்பங்கிழங்கு. வெங்கடாசலம் சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தார். பழுப்பு நிறம், மேலே வரிவரியாக நார். கிழங்கு. அவருக்கு அது போதுமாக இருந்தது. சேப்பங்கிழங்கு வறுவலை ஒரு தட்டு முழுக்கத் தின்கிற மனிதர்தான். மண்ணோடு இருக்கும்போது அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

வெண்ணிலா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்டைப்பெட்டி எங்கிருக்குது?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள்.

"டேப்பு?"

அதையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் பெட்டியில் கொட்டி, டேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் 'பூங்கிழங்கு, ஜாக்கிரதை' என்று எழுதினார். எழுதியதைக் கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தும் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று வெண்ணிலாவுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. 'பாத்துக்கிட்டே நிக்கறயே, பெட்டியோட அந்த முனையப் புடி, கார்ல வெக்கோணும்' என்று அவர் அதட்டியதும் அந்த நிமிடம் போய்விட்டது. முனையைப் பிடித்தாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் திருச்செங்கோட்டில் காளியண்ணனுடைய புது ரிக் வண்டிக்குப் பூஜை. காளியண்ணன் ரிக்காரர்களில் மூத்தவர். முப்பது பேர் கூடியிருந்தார்கள். வெங்கடாசலம் தன் தம்பி அன்பரசுவோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தன் பூ பெங்களூரில் எந்தெந்தப் பங்களாக்களில் முளைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பங்களா அதற்குள் நாலைந்தாக ஆகியிருந்தது. அப்போது போன் அடித்தது.

"இதா, அந்தம்மாவே கூப்படறாங்க" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, பார்சல் வந்து நாளாச்சு, பேச முடியல" என்றது அக்சிலியாவின் குரல். "கிழங்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. என் மாமியாருக்குச் சேப்பங்கிழங்கு வறுவல்னா உயிர். கொஞ்சம்கூட அரிக்கல. பெட்டி மேல பூங்கிழங்குன்னு எழுதியிருந்துச்சு, பெட்டி மாறிப்போச்சோ என்னமோ. அந்தப் பூக்கிழங்கு எப்ப அனுப்புறீங்க?"

வெங்கடாசலம் எழுந்து நின்றார். எதற்கு நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. போனை அணைக்க இரண்டு தரம் தடவ வேண்டியிருந்தது.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. காளியண்ணன்தான் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வெங்கடாசலம், ரிக்க வித்துப்போட்டுக் கெழங்கு மண்டி போடு. நல்லா ஓடும்."

அதற்குப் பிறகு பூஜை முடியும்வரை சிரித்தார்கள். அன்பரசுவும் சிரித்தான். அண்ணன் பார்க்காதபடி திரும்பிக்கொள்ளும் மரியாதை அவனுக்கு இருந்தது.

மத்தியானம் வெங்கடாசலம் வீட்டுக்கு வந்தபோது வெண்ணிலா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீ பாத்துட்டுத்தான இருந்த?"

"ஆமாங்க."

"சேப்பங்கெழங்குன்னு தெரியுமல்லோ?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. பெட்டி கேட்டீங்க, குடுத்தேன். டேப்பு கேட்டீங்க, குடுத்தேன்."

அவர் கையை ஓங்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் என்பது வெண்ணிலாவின் எண்ணம். நாற்காலியில் உட்கார்ந்து, "நெசக் கெழங்கு எங்க? அனுப்பியாகோணும்" என்றார்.

"அந்தம்மாகிட்ட நானே பேசறேன். போனப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். வெண்ணிலா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பூ வளர்ப்பது தான் என்றாள். கிழங்கு தன்னிடம் இருக்கிறது என்றாள். ஒன்றரை அடி என்பது தப்பு, அந்த ஆழத்தில் போட்டால் அழுகிவிடும், நான்கு விரற்கடை போதும் என்றாள்.

அக்சிலியா சிரித்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ஹாலந்துல இருந்து விதைன்னு அவர் ஆரம்பிச்சப்பவே புரிஞ்சிடுச்சு. உங்க நகத்துல மண்ணு இருந்துச்சே, அதையும் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா என்னய உதவி பண்ணுவீங்களான்னு கேட்டீங்க?"

"ஆம்பளைங்க முன்னாடி என்னத்தைச் சொல்றது? ஆண்ட்ரூஸுக்கு அவரோட வேலை ஆகணும். விடுங்க, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். எப்ப அனுப்புறீங்க?"

கணவர் மேலாவது பழகிப்போன இளக்காரம்தான். இந்த அம்மாள் மேல் அது புதிதாக, சூடாக வந்தது. தெரியாதவன் உளறினான். தெரிந்தவள் தலையாட்டிவிட்டு, இன்னும் இரண்டு வடை கேட்டு வாங்கித் தின்றாள்.

"இந்த வருஷம் இல்லீங்க" என்றாள் வெண்ணிலா.

"அப்ப அடுத்த வருஷமா?"

"அடுத்த வருஷமும் இல்லீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆண்ட்ரூஸின் வேலை போய்விடும் என்று வெங்கடாசலம் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். வேலை போகவில்லை. அடுத்த வாரமே ஓசூர்ப் பக்கம் நான்கு போர் போட ஆண்ட்ரூஸ் வண்டி கேட்டார். பூவுக்காக யாரும் ரிக்கை மாற்றுவதில்லை. பயந்ததும் வீண் என்று ஆனது அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

ஐப்பசியில் வெண்ணிலா நட்டாள். கார்த்திகையில் ஒரு வரிசை முழுக்க மஞ்சளடித்தது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு பழுப்பாக அழுகியிருந்தது. ஈரம் அதிகம். மற்றவற்றுக்குப் பரவாமல் இருக்க ஐம்பது செடிகளைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தாள். வெங்கடாசலம் காரிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார். இப்போது சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதும் நாக்கில் தயாராக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். தயாராக இருந்த வார்த்தை அன்று முழுக்க அவள் வாயில் கசந்தது.

தையில் சேலத்திலிருந்து கல்யாண மேடை அலங்காரம் செய்யும் அலெக்ஸ் என்ற இளைஞன் வேனில் வந்தான். மகளிர் குழுவில் யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெங்கடாசலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் வைத்தான்.

"ஐயா, பூ விஷயமா பேசணும். வாரா வாரம் வேணும்."

வெங்கடாசலம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவகிட்டக் கேளுங்க. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது."

பாத்தியில் நின்றிருந்த வெண்ணிலாவுக்கு அது கேட்டது. இருபத்தைந்து வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மை. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. திருந்தியவர் குரலில்லை அது. முப்பது ரிக்காரர்களின் சிரிப்பை மறுபடி கேட்கப் பயந்தவர் குரல். இத்தனைக்குப் பிறகும் அவர் ஒரு பூவைக்கூடக் கிட்டே வந்து பார்த்ததில்லை. பயந்து அடங்கிய மனிதரை மதிக்க அவளுக்குத் தெரியவில்லை. அவர் பொய்யைத் திருத்துகிற ஒரு வேலையாவது மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அலெக்ஸைக் கூப்பிட்டாள்.

அவன் நன்றாக விரிந்த தண்டுகளாகப் பார்த்துக் கை வைத்தான்.

"அதுங்க வேண்டாம் தம்பி. இதா, அடியில ரெண்டு மொட்டு மட்டும் நெறம் காட்டுது பாருங்க, இந்த மாதிரி எடுங்க."

"விரிஞ்சிருந்தாத்தான்க்கா மேடையில எடுப்பா இருக்கும்."

"அப்படின்னா வேற எடத்துல வாங்கிக்கங்க."

அலெக்ஸ் கையை எடுத்தான். அந்த மொட்டையும் விரிந்த பூவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, தண்டை ஒடிக்காமல் விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்து, "ஏன்க்கா அப்படி?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வெண்ணிலா கையிலிருந்த கத்தியைத் தண்ணீர் வாளியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பாத்தி ஓரமாக உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.